பாடசாலையைச் சமூகத்தின் சொத்தாக்கிய ரி.பி. ஜாயா

நமது கல்வி மேடைகளில் ரி.பி. ஜாயாவின் பெயர் தவறாமல் ஒலிக்கும். கூட்டம் கலைந்ததும் மறந்துவிடுவோம்.

1890இல் கலகெதரையில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்தவர் ஜாயா. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, பௌத்த சமூகம் தன் பாடசாலையைத் தோளில் சுமப்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1921இல் மருதானை ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். அன்று அது சில ஆசிரியர்களே இருந்த சிறிய பாடசாலை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கட்டியெழுப்பி, நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக்கினார்.

அவர் மருதானையோடு நின்றுவிடவில்லை. கம்பளை, மாத்தளை, புத்தளம் ஆகிய ஊர்களிலும் ஸாஹிறாவின் கிளைகள் தோன்றின. தலைநகருக்குப் பிள்ளையை அனுப்ப வசதியில்லாத பெற்றோருக்கு அது பெரும் வரம்.

1924இல் சட்ட நிரூபண சபைக்குச் சென்றார். 1945இல் அரசாங்க சபையில், நிபந்தனை எதுவுமின்றி நாட்டின் சுதந்திரக் கோரிக்கைக்குக் கைகொடுத்தார். 1947இல் முதலாவது அமைச்சரவையில் தொழில் அமைச்சரானார். பின்னர் பாகிஸ்தானில் உயர் ஸ்தானிகராகப் பணியாற்றினார். 1960இல் புனித மதீனாவில் வபாத்தாகி, ஜன்னத்துல் பகீஃயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

இன்று நம்மில் பலர் பாடசாலை வாசலை மிதிப்பது முதலாம் தர அனுமதிக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் மட்டுமே. குறை ஏதுமென்றால் அதிபரையும் அரசாங்கத்தையும் ஏசுகிறோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கதிரைகள் காலியாகக் கிடக்கின்றன. ஜாயாவுக்கு நாம் செலுத்தும் நன்றி, அந்தக் கதிரையில் போய் அமர்வதுதான்.