அடுப்பு கேட்ட ஆசிரியை



உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? போர்வை போர்த்திப் படுக்க வைப்பார்கள். டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். ஆனால், மனதில் நோய் வந்தவர்களை ஒரு காலத்தில் சிறையில் அடைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? அந்தக் கொடுமையை எதிர்த்துப் போராடியவர் ஓர் ஆசிரியை. அவர் பெயர் டோரதியா டிக்ஸ்.

அமெரிக்காவில், இன்றைய மெய்ன் மாநிலத்தில் உள்ள ஹாம்ப்டனில் 1802ஆம் ஆண்டு பிறந்தார். பதினான்கு வயதிலேயே சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் இவர்!

1841 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கிழக்கு கேம்பிரிட்ஜ் சிறையில் இருந்த பெண்களுக்குப் பாடம் நடத்தச் சென்றார். அங்கே ஒரு குற்றமும் செய்யாத மனநோயாளிப் பெண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தனர். குளிர்காயக் கணப்பு அடுப்புகூட இல்லை. ஏன் என்று கேட்டார். பைத்தியங்களுக்குக் குளிர் தெரியாது என்று பதில் வந்தது!

புத்தி பேதலித்தவர்கள் விலங்கு போன்றவர்கள், அவர்களைக் குணப்படுத்த முடியாது என்று அன்று பலர் நம்பினார்கள். அதனால்தான் அடுப்பும் இல்லை, வைத்தியமும் இல்லை. பார்த்தீர்களா, ஒரு தவறான நம்பிக்கை எத்தனை பேரை வாட்டியது!

டிக்ஸ் சும்மா இருக்கவில்லை. விஷயத்தை நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். அடுப்பு வந்தது. அதோடு நிற்காமல், மாநிலம் முழுவதும் சிறைகளுக்கும் ஏழைகள் விடுதிகளுக்கும் நேரில் சென்றார். சங்கிலியில் கட்டப்பட்டவர்களையும் கூண்டில் அடைக்கப்பட்டவர்களையும் கண்டு, எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார். 1843இல் அதை மாநிலச் சட்டசபைக்கு மனுவாக அனுப்பினார். வூஸ்டர் நகர மனநல மருத்துவமனையை விரிவாக்கப் பணம் ஒதுக்கப்பட்டது.

பிறகு மாநிலம் மாநிலமாகச் சென்று வாதாடினார். அவர் முயற்சியால் முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உருவாயின. 1848இல் நியூ ஜெர்சியின் டிரென்டனில் திறக்கப்பட்டது அவற்றில் ஒன்று. முதுமையில் அங்கேயே தங்கி, 1887இல் மறைந்தார்.

மூளையும் இதயத்தைப் போல ஓர் உறுப்புதான். அதற்கும் நோய் வரலாம். மருந்தாலும், பேசி ஆறுதல் தரும் சிகிச்சையாலும், அன்பாலும் பலர் நலமடைகிறார்கள் என்பதை இன்று அறிவோம்.

எனவே, தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்பவரைப் பார்த்தால் கேலி செய்யாதீர்கள். உங்கள் மனதிலேயே பயமோ சோகமோ பல நாள் நீடித்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். குளிர் எல்லாருக்கும் ஒன்றுதான், செல்லங்களே!