பறவைக்கு வளையமிட்ட பெரியவர்

நம் கள்ளக்குறிச்சிக்குக் கடல் இல்லை. ஆயினும் ஐப்பசி பிறந்ததும் கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கரையில், வாலாட்டிக் குருவிகள் ஓடித் திரிவதைக் காண்கிறோம். அதே நாட்களில் கோடியக்கரைக் கடலோரத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. இவை எங்கிருந்து வருகின்றன? எங்கே திரும்பிப் போகின்றன? இதை நம் நாட்டில் ஆராய வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சலீம் அலி ஆவார்.

அவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோர் இருவரையும் இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அது என்ன குருவி என்று அறிய மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அதன் செயலாளர் மில்லார்டு அவரைக் கடிந்துகொள்ளாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். அன்று திறந்தது சிறுவனின் கண்.

ஆனால் கணக்குப் பாடம் அவருக்கு வேப்பங்காய். கல்லூரியை விட்டுப் பர்மாவுக்குச் சென்றார். 1917-இல் திரும்பி வந்தவரை விலங்கியல் படிக்கத் தூண்டியவர் புனித சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குரு பிளாட்டர் அடிகளார். பட்டம் இல்லாததால் அரசு ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின்னும் வேலையின்றி இருந்தார். அப்போதும் அவர் சோர்ந்துவிடவில்லை. கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை ஆராய்ந்து புகழ் பெற்றார். மனைவி தெஹ்மினா அவருக்கு உறுதுணையாக நின்றார்.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் கழகத்தின் வலசை ஆய்வு தொடங்கியது. பிறகு கோடியக்கரையிலும் அப்பணி நடைபெற்றது. வலையில் சிக்கும் பறவையின் காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி, அதைப் பறக்க விடுவார்கள். அதே பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால், எண்ணைக் கொண்டு அதன் பயணத்தை அறியலாம். நம் நாட்டில் வளையமிட்ட பறவைகள் அன்றைய சோவியத் நாட்டிலும் கிடைத்தன. 1967-இல் கோடியக்கரை சரணாலயமாயிற்று.

1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அப்பெரியவர், 1987-இல் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

தோழியரே, ஒரு குருவியைச் சுட்ட கைதான் பின்னாளில் எத்தனையோ பறவைகளைப் பிடித்து, நோகாமல் வளையமிட்டுப் பறக்கவிட்டது. நம் வீட்டுத் தம்பிமார் உண்டிவில்லுடன் ஏரிக்கரைக்குப் புறப்படும்போது, அவர்களை அடித்துத் திருத்த வேண்டாம். மில்லார்டு செய்ததுபோல், அருகில் அமர்த்தி அந்தப் பறவையின் கதையைச் சொல்வோம். அவர்களுள்ளும் ஒரு சலீம் அலி இருக்கலாம். நம்முள்ளும் இருக்கலாம் அல்லவா?