சொல்வழி நின்ற சிதம்பரனார்

மேடையேறிக் கொள்கை பேசுதல் பலர்க்கும் இயலும். அக்கொள்கையால் தம் பொருளும் உரிமையும் இழக்க நேரும்போது ஒருவர் என்ன செய்கின்றார் என்பதே அவரை அளக்கும் கோலாகும். தம்மை நம்பி வந்தோர் துன்புறுங்கால் அவர் எங்கே நிற்கின்றார் என்பது மற்றொரு கோலாகும். இவ்விரு கோல்களாலும் அளந்து அறியத்தக்கது வ. உ. சிதம்பரனாரின் வாழ்க்கை.

சங்கரன்கோயிலுக்கு வடகிழக்கே திருவேங்கடம் என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த கரிசல் நிலம் கோவில்பட்டியைக் கடந்து ஒட்டப்பிடாரம் வரை பரந்து கிடக்கின்றது. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் வானம் பார்த்த பூமி அது. அவ்வொட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையார்க்கும் மகனாகச் சிதம்பரனார் தோன்றினார். தந்தையாரைப் போலவே அவரும் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். எளியோர் வழக்குகளைப் பொருள் பெறாமலே எடுத்து வாதாடினார். பின்னர்த் தூத்துக்குடிக்குச் சென்று அங்கும் நற்பெயர் பெற்றார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கப்பல் வாணிகம் வெள்ளையர் கையில் இருந்தது. சுதேசியக் கொள்கையில் ஊன்றி நின்ற சிதம்பரனார், அவ்வாணிகத்தை நம்மவர் கைக்கொள்ள வேண்டும் எனத் துணிந்தார். 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி நிறுவப்பட்டது. அதன் முதல் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்றின் விலை 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக இருந்தார். காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணமின்றியே ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தது. ஆயினும் மக்கள் பலர் சுதேசிக் கப்பலிலேயே சென்றனர்.

கம்பெனி இவ்வாறு தளிர்த்து வரும் வேளையில் அவர்க்கு ஒரு சோதனை வந்தது. தூத்துக்குடியில் ஹார்வி என்னும் வெள்ளையரின் கோரல் ஆலை இருந்தது. கரிசலில் விளைந்த பருத்தி அங்கே நூலாயிற்று. அதனை நூற்றவர்க்கோ கூலி குறைவு. வேலை நேரம் மிகுதி. வார ஓய்வும் இல்லை. அவர்கள் சிதம்பரனாரை நாடினர். அவர் நினைந்திருப்பின் ஒதுங்கியிருக்கலாம். கப்பல் நடத்துவோர்க்கு அரசினரின் பகை ஆகாது. ஆலைத் தொழிலாளர்க்காகப் பேசினால் அப்பகை முற்றும் என்பதையும் அவர் அறிவார். அறிந்தும் ஒதுங்கினாரல்லர்.

1908ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 27ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. சிதம்பரனாரும் அவர்தம் தோழர் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினர். பட்டினியால் தொழிலாளர் மனந்தளராதபடி ஊராரின் உதவியைத் திரட்டினர். மார்ச்சுத் திங்களின் முதல் வாரத்திலேயே ஆலையார் இறங்கி வந்தனர். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது, வேலை நேரமும் குறைந்தது.

அரசினர் சினம் கொண்டனர். மாவட்ட ஆட்சித் தலைவர் விஞ்சு என்பார் அவரை அழைத்து, மாவட்டத்தை விட்டு நீங்கவும் அரசியலை விடவும் வற்புறுத்தினார். சிதம்பரனார் இசையவில்லை. மார்ச்சு 12ஆம் நாள் அவரும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் சிறை செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. காவலர் சுட்டதில் நால்வர் உயிர் துறந்தனர். கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். அம்முறை அவர்கள் வேண்டியது கூலியன்று. தமக்காக நின்றவரின் விடுதலையே.

சிறையிலிருந்த சிதம்பரனார் மட்டும் பிணையில் வெளிவர வாய்ப்பு உண்டாயிற்று. தோழர்களை உள்ளே விட்டுத் தாம் மட்டும் வெளியேற அவர் மறுத்துவிட்டார். சூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உறுதுணையாக இருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை. ஆகவே, அவர் பெற்ற தண்டனையிற் பாதி தோழரைக் கைவிடாமைக்கு வந்ததாகும். மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் அவர் சிறையிருந்தார். கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார்.

1912ஆம் ஆண்டு திசம்பரில் அவர் விடுதலை பெற்றார். திருநெல்வேலித் தெருக்களில் அவர்க்காகத் திரண்ட கூட்டம் சிறைவாயிலில் இல்லை. கப்பல் கம்பெனி முன்னரே கலைக்கப்பட்டிருந்தது, கப்பல்களும் விலைபோயின. அவற்றுள் ஒன்று, போட்டியிட்ட வெள்ளையர் கம்பெனிக்கே சென்றது. வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் கடை வைத்தும் அவர் வறுமையோடு போராடினார். பின்னர் வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். சில ஆண்டுகள் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். வறுமையிலும் தமிழைப் பேணி, திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும் தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் பதிப்பித்தார்.

1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மகாசபை ஒத்துழையாமையை ஏற்றது. நாடெங்கும் அதற்கு ஆரவாரம் எழுந்தது. சிதம்பரனார்க்கு அதில் உடன்பாடு இல்லை. ஆரவாரத்தோடு சேர்ந்திருப்பின் இழந்த செல்வாக்கை ஒருகால் மீளப் பெற்றிருக்கலாம். அவரோ மனத்துக்கு ஒவ்வாததை வாயால் ஒப்ப விரும்பாமல் சபையினின்றும் விலகினார். அவர் கருத்துச் சரியோ தவறோ என்பதில் அறிஞர் வேறுபடலாம். அவர் நேர்மையில் எவரும் ஐயுறார்.

1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் அவர் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். தாம் எழுதி வைத்த உயிலில், கடைக்காரர்க்குக் கொடுக்க வேண்டிய சிறு கடன்களையும் மறவாமல் குறித்திருந்தார். பத்து இலட்சம் ரூபாய் முதலில் கப்பல் நடத்த முனைந்தவர் விட்டுச் சென்றவை கடனும் புகழுமே. 2011ஆம் ஆண்டு தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயர் பெற்றது.

தலைவர் ஒருவர் உண்மையாகவே போராடுகின்றாரா என்று ஐயம் எழுமாயின், அவர் பேச்சைக் கேட்டு முடிவு செய்தல் போதாது. கொள்கையால் அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று கணக்கிடல் வேண்டும். தம்மைச் சார்ந்தோரை விட்டுத் தாம் மட்டும் தப்பினாரா என்றும் நோக்கல் வேண்டும். சிதம்பரனார் இக்கணக்கில் தேறினார். ஆனால் அந்தச் சிறைவாயில் அவரை மட்டும் அளக்கவில்லை. அவரை மறந்திருந்த மக்களையும் அளந்தது. தலைவரை ஆராயும் உரிமை மக்களுக்கு உண்டு. மெய்யான தலைவரைத் துன்பக் காலத்தில் தாங்கும் கடமையும் அவர்க்கு உண்டு.