பிரான்சிஸ் கால்டன்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்து, 1822ஆம் ஆண்டு பிறந்தவர் பிரான்சிஸ் கால்டன். அறிவியலறிஞர் டார்வினின் உறவினர். எதனையும் எண்ணியும் அளந்தும் பார்க்கும் இயல்பினர். 1875இல் பட்டாணி விதைகளை அளவுவாரியாகப் பிரித்து, நண்பர்களிடம் அளித்து விதைக்கச் செய்தார். பெரிய விதைகளின் வழிவந்தவையும் பெரியனவாகவே இருந்தன. எனினும், தாய்விதைகளைவிடச் சராசரிக்கு நெருங்கியிருந்தன.

பின்னர், 205 பெற்றோர் இணையரின் வளர்ந்த மக்கள் 928 பேரின் உயரங்களை ஆராய்ந்தார். பெற்றோர் சராசரியைவிட 3 அங்குலம் உயர்ந்திருந்தால், மக்கள் ஏறத்தாழ 2 அங்குலமே உயர்ந்திருந்தனர். உயரம் குறைந்த பெற்றோரின் மக்களும் அவ்வாறே சராசரியை நோக்கி மீண்டனர். 1886இல் வெளியான இம்முடிவே, ஒரு மாறியைக் கொண்டு மற்றொரு மாறியை மதிப்பிடும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வுக்கு வித்தாயிற்று.

ஆயினும், தகுதியுடையோர் எனத் தாம் கருதியவர்களின் மரபே பெருகவேண்டும் என்னும் இனமேம்பாட்டியலைத் தோற்றுவித்தவரும் இவரே. அதன் பெயரால் பல நாடுகளில் எளிய மக்கள் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். 1911இல் கால்டன் மறைந்தார். அவர் தந்த கணக்கீட்டு முறை இன்றும் பயன்படுகிறது. அவர் வளர்த்த இனமேம்பாட்டியலை அறிவுலகம் புறந்தள்ளிவிட்டது. புள்ளியியல் பயில்வோர் இவ்விரண்டையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.