கணிதமேதை ராமானுஜன்: யாரும் நோயென்று எண்ணாத பட்டினி

1729 என்ற எண்ணின் கதையை யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒருமுறையாவது வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பேராசிரியர் ஹார்டி ஒரு டாக்சியில் வந்து இறங்குகிறார். டாக்சியின் எண் சுவாரசியமில்லாதது என்கிறார். உடனே ராமானுஜன், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று விளக்குகிறார். பிள்ளைகள் வியந்துபோவார்கள்.

இந்தக் கதை நடந்த இடம் லண்டன் புட்னியில் இருந்த ஒரு மருத்துவ விடுதி. ராமானுஜன் அங்கே நோயாளியாகப் படுத்திருந்தார். ஹார்டி வந்தது நோய் பார்க்க. முப்பது வயதைத் தாண்டிய ஒரு இளைஞர் அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அந்தக் கதையின் ஒரு பாதி அவருடைய சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

நூறு வருடங்களுக்கு முன் இறந்த ஒருவருக்கு இன்று நோயின் பெயர் சூட்ட முடியாது. அவருக்கு உணவுப் பழக்கக் கோளாறு இருந்தது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதருக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலான உறவு படிப்படியாக முறிவதை அவர் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம். பக்கத்தில் இருந்தவர்கள் அதை எப்படித் தவறவிட்டார்கள் என்பதையும் பார்க்கலாம். யுத்தத்தால் சிதறி, லண்டனிலும் ரொறன்ரோவிலும் கொழும்பு விடுதிகளிலும் தனி அறைகளில் பிள்ளைகளை விட்டிருக்கும் எங்களுக்கு இது பழைய கதை அல்ல.

கையில் உருட்டி வைத்த சோறு

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாசன் துணிக்கடைக் கணக்காளர். தாய் கோமளத்தம்மாளே அந்த வீட்டின் அச்சாணி. ஆசாரமான வைணவ பிராமணக் குடும்பம் என்பதால் என்ன சாப்பிடலாம், யார் சமைத்ததைச் சாப்பிடலாம் என்பதெல்லாம் அங்கே சமய ஒழுக்கத்தோடு பிணைந்திருந்தது.

மகன் கணக்கில் மூழ்கிவிட்டால் சாப்பிடவும் எழும்பமாட்டார். தாயோ பாட்டியோ சோற்றைக் குழைத்து உருட்டி அவர் கையில் வைப்பார்கள். கணக்கு நடந்துகொண்டே இருக்கும், சோறும் உள்ளே போகும். அன்பான காட்சிதான். ஆனால் பசியை உணர்ந்து, நேரம் பார்த்து, தானே எடுத்துச் சாப்பிடும் பழக்கம் இல்லாமலே அவர் வளர்ந்துவிட்டார். அந்தக் கைகள் பக்கத்தில் இருக்கும்வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் கவனம் செல்லாததால் கல்லூரிப் பரீட்சைகளில் தோற்றார். 1909இல் ஜானகியுடன் திருமணம். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. 1914 மார்ச்சில் குடுமியை வெட்டி, மேலைநாட்டு உடை அணிந்து கப்பலேறினார். ஜானகி ஊரிலேயே தங்கினார்.

யுத்த காலத்து அறை

ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். நான்கு மாதங்களில் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள். கல்லூரி வளாகத்திலேயே காயமடைந்த படையினருக்கு வைத்தியசாலை அமைந்தது. அவரோடு வேலை செய்த கணிதவியலாளர் லிட்டில்வுட்டும் இராணுவப் பணிக்குப் போய்விட்டார்.

கல்லூரியின் பொது உணவு மண்டபத்தில் ராமானுஜன் சாப்பிடவில்லை. மரக்கறியும் மிருகக் கொழுப்பில் பொரிக்கப்படலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. தன் அறையில் சிறிய காஸ் அடுப்பில் தானே சமைத்தார். புளி போன்ற சாமான்கள் ஊரிலிருந்து பொதியாக வரவேண்டும். யுத்தம் நீள நீளக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. இங்கிலாந்தில் பாலும் பழமும் காய்கறியும் கூட அரிதாகின. 1918இல் பங்கீடு வந்தது.

ஒரே மூச்சில் முப்பது மணிநேரம் வேலை செய்வார், பிறகு நீண்ட நேரம் தூங்குவார். சமையல் சில நாட்களில் ஒரு வேளைதான், சில நாட்களில் அதுவும் இல்லை. மண்டபத்தில் சாப்பிடாததால் மற்றவர்களோடு அமர்ந்து கதைக்கும் வாய்ப்பும் போனது. சாப்பாட்டு மேசை இல்லாதவருக்கு அந்தக் கல்லூரியில் நட்பு வட்டமும் இல்லை. வீட்டுக் கடிதங்களும் வருடத்துக்கு வருடம் குறைந்தன. தாய்க்கும் மருமகளுக்கும் இடையே மனக்கசப்பு. ஜானகியின் கடிதங்கள் கணவனைச் சென்றடையவில்லை.

ஒரு சம்பவம். திருமணம் செய்யவிருந்த இந்திய நண்பர் ஒருவரையும் மணப்பெண்ணையும் இன்னொரு தோழியையும் ராமானுஜன் தன் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தானே சமைத்து ரசம் பரிமாறினார். இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாவது முறை பெண்கள் வேண்டாம் என்றார்கள். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. விருந்தினர் காத்திருந்தார்கள், அவர் வரவேயில்லை. நான்கு நாட்களுக்குப் பின் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து பணம் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. தன் சமையலை அவமதித்துவிட்டார்கள் என்று எண்ணி, கையிலிருந்த காசோடு அந்த இரவே வெளிக்கிட்டிருந்தார்.

இதை மேதையின் விசித்திரம் என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அந்நியதேசத்தில் தன் ஊர், தாய், சமயம் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருந்த ஒருவரை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

நோய்க்குப் பெயர் தேடிய வைத்தியர்கள்

1917 வசந்தத்தில் ராமானுஜன் விழுந்தார். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதி, பிறகு மென்டிப் மலைப்பகுதியிலும் மாட்லொக்கிலும் சானடோரியங்கள். வைத்தியர்கள் வயிற்றுப்புண் என்றார்கள், புற்றுநோயோ என்று ஐயப்பட்டார்கள், கடைசியில் காசநோய் என்று சிகிச்சை செய்தார்கள். 1994இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்த பிரித்தானிய வைத்தியர் ஒருவர், ஈரலைத் தாக்கும் அமீபாத் தொற்றே காரணமாக இருந்திருக்கலாம் என்றார். அவர் உடலில் நோய் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அதன்மேல் பட்டினியும் குளிரும் தனிமையும் ஏறி உட்கார்ந்தன.

அக்காலத்துக் காசநோய்ச் சிகிச்சை என்பது திறந்த ஜன்னல், குளிர்காற்று, நிறைந்த சாப்பாடு. குளிர் அவரால் தாங்க முடியாதது, சாப்பாடோ உண்ண முடியாதது. சமையற்காரர்களோடு பிணக்கு, வைத்தியரோடு பிணக்கு. அவர் ஒத்துழைக்காத நோயாளி என்று பெயர் எடுத்தார்.

1918இன் தொடக்கத்தில் லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ரயில் ஊழியர் ஒருவர் நொடிப்பொழுதில் செயற்பட்டதால் உயிர் தப்பியது. ஹார்டி பொலிஸாரோடு பேசி வழக்கில்லாமல் காப்பாற்றினார். அதே வருடம் மே மாதம் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஒக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவானார். உலகம் கௌரவித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் அந்த மனிதர் மெலிந்துகொண்டிருந்தார். புகழ் வந்துவிட்டால் மனம் தேறிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை.

நேரில் போய்ப் பார்த்த ஒருவர்

இந்தக் கதையில் ஒருவர் மட்டும் சாப்பாட்டைக் கவனித்தார். பெயர் ராமலிங்கம். இங்கிலாந்தில் வேலை செய்துகொண்டிருந்த தமிழ்ப் பொறியியலாளர். ராமானுஜன் லண்டனில் இறங்கிய நாட்களிலேயே பழக்கமானவர். 1918 ஜூனில் மாட்லொக்குக்குப் போய் மூன்று நாட்கள் கூடவே இருந்தார். என்ன கொடுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார், எதைத் தள்ளிவைக்கிறார் என்று பார்த்தார். பிறகு ஹார்டிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்.

இவ்வளவு நாளும் ஹார்டி அவரோடு பேசியது பெரும்பாலும் கணிதம். அக்கறை இல்லாதவர் அல்ல ஹார்டி. சொந்த விடயங்களைக் கேட்பது அவருடைய பண்பாட்டில் இல்லை. ராமலிங்கம் கேட்டார். ஆனால் அவரும்கூட இதை நாக்கின் பிடிவாதமாகவே பார்த்தார். நாக்கை அடக்கினால் உயிர் தப்பலாம் என்பதே அவருடைய வாதம். அன்போடு வந்தவருக்கும் அது மனதின் நோயாகத் தெரியவில்லை. அக்காலத்தில் அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை.

1918 பிற்பகுதியில் லண்டனுக்கு மாற்றப்பட்ட பின் எடை கொஞ்சம் கூடியது. யுத்தம் முடிந்ததும் 1919 பெப்ரவரியில் கப்பலேறி மார்ச்சில் பம்பாயில் இறங்கினார். ஜானகியின் கையால் பணிவிடை கிடைத்தது. ஆனால் உடல் மிகவும் தாமதித்துவிட்டது. கடைசி மாதங்களிலும் தாள்களில் எழுதிக்கொண்டே இருந்து, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் இறந்தார். ஜானகியும் கூட வந்திருந்தால் தான் நோய்ப்பட்டிருக்கமாட்டேன் என்று அவர் சொன்னதாக ஜானகி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பட்டினி மனதுக்குச் செய்வது

ராமானுஜனின் கோபமும் ஒதுக்கமும் குணமா, பசியா? இந்தக் கேள்விக்கு அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு வெளிச்சம் கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தால் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு செய்தார். உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அதோடு எரிச்சல், சோர்வு, ஒதுங்குதல், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தல் எல்லாம் வந்தன. மீண்டும் சாப்பாடு கிடைத்தபிறகும் மனம் உடனே திரும்பவில்லை. சிலருக்கு நிறுத்த முடியாமல் சாப்பிடும் பழக்கம் பல மாதங்கள் நீடித்தது.

மனம் நொந்தால் சாப்பாடு குறைகிறது. சாப்பாடு குறைந்தால் மனம் இன்னும் நோகிறது. இந்தச் சுழலுக்குள் விழுந்தவரிடம் பிடிவாதத்தை விடு என்று சொல்லிப் பயனில்லை. கோட்டைவிட்ட பரீட்சை, காணாமல்போன தகப்பன், உடலைப் பற்றி யாரோ சொன்ன கேலி என்று தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம். மெலியவேண்டும் என்ற வெறியில் பட்டினி கிடப்பது அனொரெக்சியா. அளவுமீறிச் சாப்பிட்டு, பின் வலிந்து வாந்தி எடுப்பது புலிமியா. இதில் எடை மாறாமலே இருக்கலாம், அதனால் வீட்டாருக்குத் தெரிவதில்லை. உடல் தோற்றக் கவலை எதுவும் இல்லாமலே உணவுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் இரண்டு மூன்றோடு நின்றுவிடுவதும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல, பெடியன்களுக்கும் வரும்.

முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒரு சமூகத்தில், சாப்பாடு இருந்தும் சாப்பிடாத பிள்ளையைக் கண்டால் பெற்றோருக்குக் கோபம் வருவது இயல்பு. நாங்கள் பட்ட பாடு தெரியுமா என்று கேட்டுவிடுவோம். அந்தக் கேள்வி பிள்ளையின் குற்ற உணர்வைக் கூட்டும், தட்டைக் காலியாக்காது.

கவனிக்க வேண்டியவை சில. எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஏதாவது சாட்டுச் சொல்லித் தவிர்ப்பது. தனியாகவே சாப்பிடுவது. சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போவது. வெயிலிலும் குளிர்கிறது என்பது, தலைசுற்று, மாதவிடாய் நிற்பது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டாமல் கதைப்பது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் நோய் என்று முடிவுகட்டத் தேவையில்லை. ராமலிங்கம் செய்ததைப்போல நேரில் போய், இரண்டு நாள் கூட இருந்து பார்க்கலாம். தூரத்தில் இருந்தால் அங்குள்ள உறவினரையோ நண்பரையோ போய்ப் பார்க்கச் சொல்லலாம். எடையைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் கதைக்காமல், என்ன கஷ்டம் என்று கேட்கலாம்.

நீண்டநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறையச் சாப்பாடு கொடுப்பது இதயத்துக்கு ஆபத்தாகலாம். வைத்தியர் பார்த்து, சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். உடலுக்கும் மனதுக்கும் சேர்த்துச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் தேறலாம். காலம் எடுக்கும், இடையில் சறுக்கலும் வரும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. உயிரை விடும் எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். தேசிய உளநல உதவித் தொலைபேசி எண் 1926க்கு இலங்கையின் எந்த இடத்திலிருந்தும் அழைக்கலாம்.