சட்டத்தோடு போராடிய டாக்டர் ஹிர்ஷ்பெல்ட்

ஆணுக்கு ஆண் மீதும், பெண்ணுக்குப் பெண் மீதும் நாட்டம் உண்டாவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர், ஜெர்மன் டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட்.

இவர் 1868-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, பால்டிக் கடலோரத்தில் உள்ள கோல்பெர்க் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தையைப் போலவே மகனும் டாக்டர் ஆனார்.

கடைசிக் கடிதம்

இவரிடம் சிகிச்சைக்கு வந்த ராணுவ அதிகாரி ஒருவர், தன் திருமணத்துக்கு முன்பு தற்கொலை செய்துகொண்டார். யாரிடமும் சொல்ல முடியாத தன் வேதனையை டாக்டருக்குக் கடிதமாக எழுதி வைத்திருந்தார். அது ஹிர்ஷ்பெல்டின் மனதை உலுக்கியது. அவரும் அதே நாட்டம் கொண்டவர்தான்.

அப்போது ஜெர்மன் சட்டத்தின் 175-வது பிரிவு, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றம் என்றது. அதை நீக்கக் கோரி, 1897-ல் ஒரு குழு அமைத்துக் கையெழுத்து திரட்டினார். பின்னாளில் விஞ்ஞானி ஐன்ஸ்டீனும் அதில் கையெழுத்திட்டார்.

இந்த நாட்டம் பிறவியிலேயே அமைவது. ஆகவே தண்டிப்பது அநியாயம். இதுவே அவரது வாதம்.

1903-ல் பெர்லினில் மாணவர்கள் சுமார் 3 ஆயிரம் பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். சில மாணவர்கள் வழக்குப் போட்டனர். கோர்ட்டு 200 மார்க் அபராதம் விதித்தது.

அவரது வாதத்துக்கு மறுபக்கமும் இருந்தது. பிறவியில் வந்தது என்றால் சுரப்பியை மாற்றினால் போதுமே என்றனர் சிலர். வியன்னா ஆராய்ச்சியாளர் ஸ்டைனாக் வகுத்த ஆபரேஷனை ஹிர்ஷ்பெல்டும் நம்பி, சிலரை அனுப்பி வைத்தார். அது பலிக்கவில்லை.

நேரு வீட்டில்

1919-ல் பெர்லினில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1930-ல் உலகப் பயணம் புறப்பட்டவர், மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். அலகாபாத்தில் நேருவின் விருந்தினராகத் தங்கினார். அப்போது இங்கும் 377-வது பிரிவு அமலில் இருந்தது.

அதன்பின் அவர் ஜெர்மனிக்குத் திரும்பவே முடியவில்லை. ஹிட்லர் ஆட்சியில், 1933 மே 6-ந் தேதி, அவரது நிலையம் சூறையாடப்பட்டது. 10-ந் தேதி நூல்கள் தீக்கிரையாயின. அந்தக் காட்சியை அவர் பாரீசில் ஒரு சினிமா தியேட்டரில், செய்திப் படத்தில்தான் பார்த்தார்.

1935-ல், தமது 67-வது பிறந்த நாளன்று, பிரான்சில் உள்ள நீஸ் நகரில் காலமானார்.

ஜெர்மனியில் 175-வது பிரிவு 1994-ல் ஒழிந்தது. இந்தியாவில், வயது வந்தோர் மனமொத்த உறவு குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது.

அவர் தேடிய காரணம் இன்றும் முழுமையாகப் புலப்படவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் தனியொரு மரபணு காரணம் அல்ல என்கிறது விஞ்ஞானம். தண்டனையை நிறுத்த அந்த விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை, இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஏற்றுவிட்டன.