நீலகண்ட பிரம்மச்சாரி

நீலகண்ட பிரம்மச்சாரி (டிசம்பர் 4, 1889 - மார்ச் 4, 1978) தமிழகத்தைச் சேர்ந்த இந்திய விடுதலைப் போராட்ட வீரர், இதழாசிரியர். பாரத மாதா சங்கம் என்னும் இரகசியப் புரட்சி அமைப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். 1911 ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த வழக்கில் இவரே முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். கொலை நடந்த இடத்தில் இவர் இல்லை. அந்த மாவட்டத்திலும் இல்லை. ஆயினும் இவர் பெற்ற தண்டனையே அவ்வழக்கில் மிகப் பெரியதாகும். பிற்காலத்தில் துறவு பூண்டு ஓம்கார் என்ற பெயரில் மைசூர்ப் பகுதியில் வாழ்ந்தார்.

இளமை

தஞ்சை மாவட்டம் சீர்காழியை அடுத்த எருக்கூரில் பிறந்தார். இளம் வயதிலேயே வேலை தேடிச் சென்னைக்கு வந்தார். 1907 ஆம் ஆண்டு வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகள் தமிழ்நாட்டு இளைஞர் பலரைத் தீவிரவாத அரசியலின் பக்கம் திருப்பின. நீலகண்டரும் அவர்களுள் ஒருவர். சுப்பிரமணிய பாரதியாரின் நட்பும் இக்காலத்திலேயே கிடைத்தது.

1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். நீலகண்டரும் புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து வெளிவந்த சூர்யோதயம் என்னும் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பிரித்தானிய இந்தியாவில் அவ்விதழ் தடை செய்யப்பட்டது.

பாரத மாதா சங்கம்

1910 ஆம் ஆண்டு இவர் தென் மாவட்டங்களில் சுற்றுப்பயணம் செய்து தென்காசி, தூத்துக்குடி முதலிய ஊர்களில் இளைஞர்களைச் சந்தித்தார். சங்கரகிருஷ்ண ஐயர் இவருக்குத் துணையாக இருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதனை இவருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. காளியின் படத்தின் முன் குங்குமம் கலந்த நீரை அருந்தி, விரலைக் கீறி இரத்தத்தால் அடையாளமிட்டு உறுப்பினர்கள் உறுதி எடுத்துக் கொண்டதாக அரசுத் தரப்புச் சாட்சிகள் பின்னர் நீதிமன்றத்தில் கூறினர்.

நீலகண்டரின் எண்ணம் தனி ஒருவரைக் கொல்வது அன்று, நாடு முழுவதும் ஆட்களைத் திரட்டி ஒரே காலத்தில் கிளர்ந்தெழுவது என்று இவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். இது இவருக்குச் சாதகமான கூற்று போலத் தோன்றினாலும், சட்டத்தின் பார்வையில் நிலைமை அதற்கு நேர்மாறானது என்பதைக் கீழே காணலாம். வாஞ்சிநாதன் பின்னர் புதுச்சேரி சென்று வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். அப்போது நீலகண்டர் தென் மாவட்டங்களை விட்டு வடக்கே சென்றிருந்தார்.

ஆஷ் கொலை

ஜூன் 17, 1911 அன்று காலை மணியாச்சி சந்திப்பில், கொடைக்கானல் செல்வதற்காக மனைவியுடன் தொடர்வண்டியில் அமர்ந்திருந்த இராபர்ட் வில்லியம் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டார். பின் தாமும் சுட்டுக் கொண்டு இறந்தார். அவருடைய சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்ல மூவாயிரம் பேர் உறுதி எடுத்திருப்பதாகவும், அதற்கு முன்னறிவிப்பாகவே தாம் இச்செயலைச் செய்வதாகவும் அதில் கண்டிருந்தது. மன்னரின் முடிசூட்டு விழா இலண்டனில் நடைபெற ஐந்து நாட்களே இருந்தன.

தொடர்ந்த தேடுதலில் பலர் பிடிபட்டனர். இருவர் தற்கொலை செய்து கொண்டனர். நீலகண்டர் கல்கத்தாவில் காவல் துறையிடம் சரணடைந்தார். அப்போது அவருக்கு வயது 21.

கொலையா, அரசுக்கு எதிரான போரா

சுட்டவர் இறந்து விட்டமையால், வெறும் கொலை வழக்காக இருந்திருந்தால் அது திருநெல்வேலி அளவிலேயே முடிந்திருக்கக் கூடும். கொலை என்பது நடந்த இடத்தைச் சார்ந்த குற்றம். அந்த இடத்தின் காவல் நிலையமும் அந்த மாவட்டத்தின் நீதிமன்றமும் அதை விசாரிக்கும். இறந்தவர் பெரிய அதிகாரி என்பதால் மட்டும் இது மாறுவதில்லை. (ஒப்பு நோக்க: ஜூன் 26, 1924 இரவு திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்து இரமண மகரிசியையும் அடித்தனர். அவர் பல ஊரார் அறிந்த துறவி. எனினும் அது உள்ளூர்க் களவு வழக்காகவே நடந்து, பிடிபட்டவர்கள் சிறைத்தண்டனை பெற்றனர்.)

அரசு தேர்ந்து கொண்டது வேறு வழி. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 121 ஆம் பிரிவு, மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தலைக் குற்றமாக்கியது. 1870 இல் சேர்க்கப்பட்ட 121-அ பிரிவு, அவ்வாறு போர் தொடுக்கச் சதி செய்வதையே தனிக் குற்றமாக்கியது. இப்பிரிவின்படி சதி பிரித்தானிய இந்தியாவுக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றமே. சதியைத் தொடர்ந்து எச்செயலும் நடந்திருக்க வேண்டியதில்லை. உடன்பாடு ஒன்றே போதும்.

இவ்வழக்கின் இடங்களைப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். மணியாச்சி பிரித்தானிய மாவட்டத்தில் இருந்தது. வாஞ்சிநாதனின் செங்கோட்டை திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்தது. துப்பாக்கிப் பயிற்சி நடந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரருடையது. நீலகண்டர் பிடிபட்டதோ கல்கத்தாவில். கொலை என்ற நூலால் இவற்றை ஒன்றாகக் கட்ட இயலாது. சதி என்ற நூலால் இயலும். மேலும், அரசுக்கு எதிரான குற்றங்களில் வழக்குத் தொடர அரசின் ஆணை தேவை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் (1898) விதித்திருந்தது. ஆகவே ஒரு செயல் உள்ளூர்க் குற்றமா, நாட்டுக்கு எதிரான குற்றமா என்பதை முதலில் முடிவு செய்தது அரசே அன்றி நீதிமன்றம் அன்று.

விசாரணையும் தீர்ப்பும்

14 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சர் சார்லசு ஆர்னால்டு ஒயிட், நீதிபதிகள் ஐலிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் கொண்ட சிறப்பு அமர்வு, ஜூரிகள் இன்றி விசாரித்தது. 1908 ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம் இத்தகைய அமர்வுகளுக்கு வழி செய்திருந்தது. எதிரிகளுக்காக வாதாடியவர்களுள் பின்னாளில் ஆந்திர கேசரி எனப் புகழ்பெற்ற த. பிரகாசமும் ஒருவர். எதிரிகளோடு இருந்து அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறியவர்களின் வாக்குமூலத்தையே வழக்கு பெரிதும் நம்பியிருந்தது.

பிப்ரவரி 1912 இல் தீர்ப்பு வந்தது. நீலகண்டருக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவல். கொலைக்காக அன்று, சதிக்காகவே இத்தண்டனை. சங்கரகிருஷ்ண ஐயருக்கு நான்கு ஆண்டுகள். வேறு எழுவர் குறைந்த தண்டனை பெற்றனர், ஐவர் விடுதலையாயினர். சங்கரன் நாயர் எழுதிய தனித் தீர்ப்பில் பாரதியாரின் எழுத்துக்களும் ஆராயப்பட்டன.

தனிக் கொலையை விரும்பாது பெருங்கிளர்ச்சியை விரும்பியவர் என்பது உண்மையாயின், கொலைக் குற்றத்திலிருந்து நீலகண்டரைக் காத்த அதே எண்ணம்தான் 121-அ பிரிவில் அவரைச் சிக்க வைத்தது எனலாம்.

விடுதலை பெற்ற இந்தியாவிலும் இவ்விரு பிரிவுகளும் நீடித்தன. மன்னர் என்ற இடத்தில் இந்திய அரசு வந்தது. காவல் துறை மாநிலங்களின் பொறுப்பாகவே இருந்தாலும், 2008 இல் இயற்றப்பட்ட தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தின் அட்டவணையில் இப்பிரிவுகள் இடம் பெற்றன. ஜூலை 1, 2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் இவை 147, 148 ஆம் பிரிவுகளாக உள்ளன.

பிற்கால வாழ்வு

1919 இல் விடுதலையான நீலகண்டர் வறுமையில் உழன்றார். பசியோடு தம்மைக் காண வந்த இவருடைய நிலை கண்டு பாரதியார் உள்ளம் கொதித்துப் பாடிய பாடல் ஒன்று உண்டு என்று சொல்லப்படுகிறது. பின்னர் ம. சிங்காரவேலர் முதலிய பொதுவுடைமையாளர்களுடன் தொடர்பு கொண்டார். 1922 இல் மீண்டும் கைதாகி 1930 வரை சிறையில் இருந்தார். இரு சிறைவாசங்களும் சேர்ந்து இவருடைய இளமையின் பெரும்பகுதியை எடுத்துக் கொண்டன.

அதன்பின் அரசியலை விட்டு விலகித் துறவியானார். மைசூர்ப் பகுதியில் நந்தி மலை அடிவாரத்தில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்தார். அங்கு வந்தவர்கள் பலருக்கு அவர் ஓம்கார் சுவாமி மட்டுமே. மார்ச் 4, 1978 அன்று தமது 88 ஆம் வயதில் காலமானார். மணியாச்சி தொடர்வண்டி நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்று வழங்கப்படுகிறது.